பத்து நிமிஷம்

ராதாபுரத்துக்குத் தெற்கே, ஆடி மாசத்தில்
பைக் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஓடும்.
காற்றாலைகள் வரிசையாக நின்று
யாருக்கோ மின்சாரம் அரைத்துக்கொண்டிருந்தன.
பள்ளிக்கூடத்தில் கரண்டு இல்லை.

வகுப்பறையை உற்றுநோக்கப் போயிருந்தேன்.
கையில் படிவம், முப்பத்திரண்டு கேள்வி,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண்.
ஆசிரியர் புன்னகையுடன் இருந்தாரா.
துணைக்கருவி பயன்பட்டதா.
மெல்லக் கற்போர் கவனிக்கப்பட்டனரா.

ஜெபக்கனி டீச்சர்
எந்த வகுப்புக்கும் முதுகு காட்டாமல்
நிற்கப் பழகியிருந்தார்.
கிழக்குச் சுவரோரம் ஒன்றும் இரண்டும்,
மேற்கே மூன்று,
வராந்தாவில் நாலும் அஞ்சும்.
தலைமையாசிரியர் ஓய்வுபெற்றது போன வருஷம் மே.
அவர் நாற்காலியில் இப்போது
பருப்பு மூட்டை உட்கார்ந்திருக்கிறது.

"வாங்க சார், உக்காருங்க" என்றார்
ழகரப் பாடத்தை நிறுத்தாமல்.
பளம், என்றான் முன்வரிசைப் பையன்.
வீட்டில் நானும் அப்படித்தான் சொல்வேன்.
அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

நாலாவது கேள்வியில் அவர் போன் அதிர்ந்தது:
வருகைப் பதிவு ஏறவில்லை.
கொடிக்கம்பத்தடியில் கையைத் தூக்கினால்
இரண்டு கோடு சிக்னல் கிடைக்குமாம்.
அஞ்சாம் வகுப்பு இசக்கிராஜாவுக்கு அந்த இடம் தெரியும்,
அவனே வாங்கிக்கொண்டு ஓடினான்.

பதினொன்றே காலுக்குப் பக்கத்தில் வந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"சார், ஒரு பத்து நிமிஷம்
பிள்ளையளப் பாத்துக்கிடுதியளா?
காலைல ஏழு மணிக்கு வீட்டுல போனது.
இங்க கக்கூஸுக்குத் தண்ணி ஏறல.
அடுத்த தெருவுல அன்னபாக்கியம் வீட்டுக்குப் போவணும்.
கெணறு பக்கத்துல இருக்கு, ஆளில்லாம விட்டுட்டுப் போவ முடியாது."

நான் தலையாட்டினேன்.

ஏழு வருஷமாயிற்று சாக்பீஸைத் தொட்டு.
பயிற்சி கொடுத்திருக்கிறேன்.
வள்ளியூரில், மின்விசிறிக்குக் கீழே, அறுபது பேருக்கு,
பல்வகுப்புக் கற்பித்தல் என்ற தலைப்பில்,
சாம்பார் சாதம் வரும் வரைக்கும்.

ஒன்றாம் வகுப்பைப் படம் வரையச் சொன்னேன்.
நாங்களும் வரைவோம் என்றது இரண்டாம் வகுப்பு.
கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல்
மூன்றாம் வகுப்பு மொத்தமும் எழுந்து வந்து
மேஜையைச் சூழ்ந்துகொண்டது.
வராந்தாவில் யாரோ அழுதார்கள்.
ஜன்னல் வழியே காற்று தேரி மண்ணை வாரி
எல்லா நோட்டிலும் சிவப்பாகத் திருத்தம் போட்டது.

"ஏலேய், சார் பாவம்லா, சத்தம் போடாதிய."
சொன்னவள் பெயர் வெயிலுகந்தாள், எட்டு வயசு.
பேரேட்டில் அவள் அரும்பு;
எழுத்துக்கூட்டி வாசிக்க வராதவள் என்று அர்த்தம்.
அழுத பிள்ளைக்கு மூக்கைத் துடைத்தாள்,
கழித்தலுக்குப் புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்தாள்,
என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

டீச்சர் வரப் பதினாலு நிமிஷம் ஆனது.
முகம் கழுவியிருந்தார்.
"மன்னிச்சுக்கிடுங்க சார்,
அந்த வீட்டுல காப்பி போட்டுத் தந்தாவ" என்றார்,
களவு செய்தவர் மாதிரி.

படிவத்தை முடித்தாக வேண்டும்.
இந்த அறைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று
முப்பத்திரண்டில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.
கடைசிக் கட்டம்: ஆசிரியருக்கு உங்கள் ஆலோசனை.
ஆசிரியருக்கு என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
இன்னும் ஒரு ஆள். குழாயில் தண்ணீர்.
பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

சாயங்காலம் செயலியில் ஏற்றினேன்.
அது எண்களை மட்டும் வாங்கிக்கொண்டது.

வியாழக்கிழமை எனக்குப் பணகுடிப் பக்கம் ஆய்வு.
போகிற வழி இல்லைதான்.
ஆனாலும் பதினொன்றே காலுக்கு
இந்த வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன்.
முதலில் பார்த்தது வெயிலுகந்தாள்.

"சார்," என்றாள், "இன்னைக்கும்
பத்து நிமிஷந்தானா?"